லூஸ் டீத்தூளில் பூச்சிமருந்து: காந்தம், சுண்ணாம்பு, லேப் ரிப்போர்ட், எதை நம்புவது?

கொருக்குப்பேட்டை வாசி
3 ஆகஸ்ட் 2025, இரவு 9:42

தேயிலையைப் பறித்தபிறகு எந்த ஃபேக்டரியிலும் கழுவுவதில்லை. செடியில் அடித்த மருந்து இலையோடு வாடி, நொறுங்கி, காய்ந்து நம் டம்ளரில் வந்து இறங்குகிறது. கத்திரிக்காயையாவது கழுவி நறுக்குகிறோம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை லூஸ் டஸ்ட் (பாக்கெட் போடாத பொடித் தூள்) ஓட்டும் டீக்கடைகளும் மெஸ்களும் நிறைய. பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடையில் கிலோ கணக்கில் எடுப்பதுதான். பாக்கெட் என்றால் பேர், தேதி எல்லாம் இருக்கிறது. சாக்கில் என்ன இருக்கிறது? காந்தம் வைத்துப் பார் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது, சுண்ணாம்பில் தூவு என்று இன்னொன்று. மருந்து இருக்கா இல்லையா என்று வீட்டிலேயே பார்க்க உருப்படியான வழி இருந்தால் சொல்லுங்கள். "எல்லாத்துலயும்தான் மருந்து" என்கிற பதில் வேண்டாம்.

லேப் மேசை
3 ஆகஸ்ட், இரவு 10:31

வீட்டில் பார்க்க வழி இல்லை. காந்தம் இரும்பைப் பிடிக்கும், சுண்ணாம்பு சாயத்தைக் காட்டும். மருந்துக்கு நாம் பேசுகிற அளவில் நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

அளவு என்னவென்றால், தனியாக வரம்பு குறிக்காத மருந்துக்கு நம் நாட்டில் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஐரோப்பாவிலும் அதே எண்தான். 10 டன் தூள் ஏற்றிய லாரி முழுவதிலும் சேர்த்து 100 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்புகூடத் தேறாது. அதைத் தேட எல்.சி.-எம்.எஸ்.எம்.எஸ்., ஜி.சி.-எம்.எஸ்.எம்.எஸ். என்று இரண்டு பெரிய மெஷின் வேண்டும்.

கழுவாமல் வருவது உண்மை. கூடவே, ஏறக்குறைய நாலரை கிலோ பச்சை இலை காய்ந்து ஒரு கிலோ தூளாகிறது. டிரையர் சூட்டில் ஆவியாகும் ரகங்கள் கொஞ்சம் போகும், மற்றவை செறிவாகும். ஆனால் தூளில் இருப்பதெல்லாம் டம்ளருக்கு வராது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

பாய்லர் பக்கம்
3 ஆகஸ்ட், இரவு 10:50

காந்தத்துல ஒட்டுச்சுன்னா இரும்புச் சத்து டீன்னு போர்டு மாட்டி ரெண்டு ரூபா ஏத்திடலாமா?

குன்னூர் சரக்கு
4 ஆகஸ்ட், காலை 7:15

காந்தத்தை முதலில் முடித்துவிடுவோம். சி.டி.சி. என்றால் பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழலும், நடுவில் இலை நசுங்கிக் கிழிந்து சுருளும். பல் தேயத் தேயத் துகள் தூளில் விழும். ஃபேக்டரியிலேயே காந்தத்தில் ஓட்டி எடுப்பார்கள், முழுக்க வராது. சட்டமே கிலோவுக்கு 250 மில்லிகிராம் இரும்புத் துகள் வரை விடுகிறது. 100 கிராம் தூளில் பலமான காந்தத்தை ஓட்டினால் நாலைந்து மயிரிழைத் துகள் ஒட்டுவது கலப்படம் ஆகாது. கொத்துக் கொத்தாக ஒட்டினால் சந்தேகப்படுங்கள். காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஓட்டவும், இல்லாவிட்டால் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. காய்ந்த தூளே தாளில் ஒட்டிக்கொள்ளும். ஊதிவிட்டுப் பிறகு பாருங்கள்.

மருந்து எங்கிருந்து ஏறுகிறது என்பதற்கு வருகிறேன். நீலகிரியில் சிறு விவசாயிகளின் இலை, பச்சை இலை வாங்கும் ஃபேக்டரிக்குப் போகிறது. ஒரே நாளில் எத்தனையோ தோட்டத்து இலை ஒன்றாகி வாடும். ஒருவர் முந்தாநாள் அடித்திருப்பார், இன்னொருவர் அந்த மாதமே அடித்திருக்க மாட்டார். கொழுந்தை 7 முதல் 14 நாளுக்கு ஒரு சுற்று பறிப்பார்கள். 14 நாள் காத்திருக்க வேண்டிய மருந்தை 7 நாள் சுற்றில் அடித்தால் கணக்கு அங்கேயே உதைக்கும்.

மழை மாதங்களில் கொப்புள நோய், அதற்கு காப்பர் ஆக்சிகுளோரைடும் ஹெக்சகோனசோலும். வறண்ட மாதங்களில் செம்பேன். பிறகு தேயிலைக் கொசு. பேர்தான் கொசு, உண்மையில் கொழுந்தை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி ரகம். எதற்கு எது அடிக்கலாம் என்று தேயிலை வாரியம் 2014 முதல் ஒரு பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. அதில் உள்ளதை உள்ள அளவில் அடித்து, காத்திருந்து பறித்தால் பெரிய வம்பு இல்லை. கேரட்டுக்கும் உருளைக்கும் வாங்கிய மருந்து மிச்சமிருக்க, கொழுந்தில் பூச்சி கண்டதும் அதையே கலக்கி அடித்தால்தான் வம்பு. ரிப்போர்ட்டில் "தேயிலைக்கு அனுமதி இல்லாத மருந்து" என்று வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

லேப் மேசை
4 ஆகஸ்ட், இரவு 9:05

சொன்னபடி டம்ளர் கணக்கு.

ஒரு மருந்து தூளிலிருந்து டிகாக்‌ஷனுக்கு வருமா என்பதை முதலில் முடிவு செய்வது அது தண்ணீரில் எவ்வளவு கரையும் என்பது. இமிடாகுளோபிரிட் லிட்டருக்கு சுமார் 610 மில்லிகிராம் கரையும், தயாமெத்தாக்சம் 4,100. டைமெத்தோயேட் இருபதாயிரத்தைத் தாண்டும். மோனோகுரோட்டோபாஸ் எந்த அளவிலும் தண்ணீரோடு கலந்துவிடும். இவையெல்லாம் டிகாக்‌ஷனில் பெரும்பகுதி இறங்கும். இந்தப் பக்கம் பைஃபென்த்ரின் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்கூடக் கரையாது. சைபர்மெத்ரின், டைகோஃபால், பழைய டி.டி.டி. எல்லாம் இதே சாதி. அவை சக்கையிலேயே ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போகும். டம்ளருக்கு வருவது சொற்பம்.

அதனால் "இந்தத் தூளில் 12 மருந்து" என்று செய்தி வந்தால் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பெயரைப் பாருங்கள். கிலோவுக்கு பைரித்ராய்டு (பைஃபென்த்ரின், சைபர்மெத்ரின் கூட்டம்) 1 மில்லிகிராம் இருக்கிற தூளைவிட மோனோகுரோட்டோபாஸ் 0.3 இருக்கிற தூள் மோசம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தூளில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்று வைப்போம், அதாவது பொது வரம்பைப்போல் 50 மடங்கு. கிளாசுக்கு 2.5 கிராம் தூள், முழுவதும் இறங்கிவிட்டது என்றே வைத்தால் கிளாசுக்கு 1.25 மைக்ரோகிராம், நாளைக்கு ஆறு டீக்கு 7.5. இமிடாகுளோபிரிட் என்றால் தினம் உடம்பு தாங்கும் அளவு எடையில் கிலோவுக்கு 0.06 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு 3,600 மைக்ரோகிராம். 7.5 ஒன்றுமே இல்லை. அதே 0.5 மோனோகுரோட்டோபாஸ் என்றால் தாங்கும் அளவு கிலோவுக்கு 0.0006, அதே ஆளுக்கு 36 மைக்ரோகிராம்தான். டீயிலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சத்துக்குள் அவர் சோறு, காய், பழம் எல்லாம் சாப்பிட வேண்டும்.

கொருக்குப்பேட்டை வாசி
4 ஆகஸ்ட், இரவு 9:30

தண்ணீரில் சுலபமாக இறங்குகிறது என்றால், முதல் கொதிநீரை ஊற்றி அலசிக் கொட்டிவிட்டு இரண்டாவது தண்ணீரில் போட்டால்?

பாய்லர் பக்கம்
4 ஆகஸ்ட், இரவு 9:41

மொத தண்ணிய கொட்டுனா அதோட மாஸ்டரையும் கஸ்டமரு கொட்டிடுவாங்க.

வெளையாட்டு இல்ல தலைவா. டஸ்ட்டுன்றது மாவு மாதிரி. பைத்துணியில போட்டு கொதிதண்ணி ஊத்துனா மொத அரை நிமிசத்துலயே கலரும் துவர்ப்பும் வந்துடும். அத கீழ ஊத்திட்டா மிச்சம் சாயத்தண்ணி. பெரிய இலை ரகத்துக்கு வேணா அலசுற வேலை ஒத்து வரும்.

லேப் மேசை
4 ஆகஸ்ட், இரவு 10:02

பாய்லர்க்காரர் சொல்வது சரி. அலசலில் கரையும் மருந்து போகும்தான், ஆனால் காஃபீனும் டேனினும் அதே வேகத்தில் போகும். டீயை இழக்காமல் மருந்தை மட்டும் இழக்க வழியில்லை.

வீட்டில் தூளைப் பாலிலேயே போட்டுக் கொதிக்க வைப்பவர்கள், கொழுப்பில் கரையும் ரகம் பாலுக்கு வந்துவிடாதா என்று கேட்பார்கள். கொழுப்பு இழுக்கும் என்பதால்தான் மேலே முழுவதும் இறங்கியதாக வைத்துக் கணக்குப் போட்டேன். பைஃபென்த்ரினுக்குத் தாங்கும் அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், 60 கிலோவுக்கு 600 மைக்ரோகிராம். 7.5 முழுதாக வந்தாலும் பக்கத்தில்கூட நிற்காது. கடையில் டிகாக்‌ஷன் தனி, பால் தனி என்பதால் அந்தப் பேச்சே எழாது.

குன்னூர் சரக்கு
5 ஆகஸ்ட், காலை 6:50

இவ்வளவு பேசியும் லூஸ் டஸ்ட்டின் முதல் வியாதியை யாரும் தொடவில்லை. கும்மென்று கலர் இறங்குகிறது, விலை குறைவு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது சாயத்தை. அடுத்தது சக்கை. மருந்தெல்லாம் அதற்குப் பிறகுதான்.

டீக்கடையிலும் ஹோட்டலிலும் போட்டு முடித்த சக்கையை வாங்கி, காயவைத்து, அரைத்து, சாயம் ஏற்றி நல்ல தூளோடு கலப்பது பழைய தொழில். அது தனியாகவே தெரிந்துவிடும்: கலர் முதல் ஊற்றில் வந்துவிடும், துவர்ப்பு வராது, நாக்கில் பிடிக்காது. ஃபேக்டரிக் கழிவுத் தூளும் சந்தைக்கு வரக்கூடாது என்றுதான் 1959-லேயே தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை போட்டார்கள். கழிவைக் குடிக்க உதவாதபடி கெடுத்துவிட்டுத்தான் விற்க வேண்டும்.

எஸ்.ஆர்.டி., ஆர்.டி., எஸ்.எஃப்.டி. (டஸ்ட்டின் ரகப் பெயர்கள்) என்று கிரேடு கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் கிரேடே சொல்லாமல் "ஹோட்டல் ஸ்பெஷல்" என்றால் அது அவர் கையால் கலந்த சரக்கு. நல்ல கலவையும் இருக்கலாம். ஆனால் எந்த ஃபேக்டரி, எந்த லாட் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

லேப் மேசை
5 ஆகஸ்ட், இரவு 8:48

சாயத்துக்கு வீட்டுச் சோதனை உண்டு, ஆனால் வீடியோக்கள் பாதியைத்தான் சொல்கின்றன.

குளிர்ந்த தண்ணீர் டம்ளரில் ஒரு சிட்டிகை தூவி "உடனே கலர் இறங்கினால் போலி" என்கிறார்கள். டஸ்ட்டுக்கு இது சரிப்படாது. நல்ல டஸ்ட்டும் பச்சைத் தண்ணீரில் சில நிமிடத்தில் நிறம் விடும். தூவிய நொடியே, தூள் மூழ்குமுன், ஆரஞ்சு அல்லது சிவப்புக் கோடு கீழே ஓடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இதைவிட வடிதாள் நல்லது. வேதியியல் கடையில் வட்ட வடிதாள் கிடைக்கும். டிஷ்யூ பேப்பர் கிழிந்துவிடும், வேண்டாம். வெள்ளைத் தட்டில் தாளை விரித்து அரை ஸ்பூன் தூளைப் பரப்புங்கள். பச்சைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, தூள் நனையும் அளவுக்கு மட்டும் விடுங்கள். ஒரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். தூளைக் கொட்டிவிட்டுக் குழாயடியில் தாளை அலசி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல தூள் என்றால் தாள் ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும். சாயம் என்றால் தூள் கிடந்த ஒவ்வொரு இடத்திலும் மஞ்சள், ஆரஞ்சு, சில சமயம் ரோஸ் புள்ளி. ஓரத்தில் நிறம் பிரிந்து வளையமாகத் தெரியும். அலசினாலும் போகாது. பத்து நிமிடம் ஊறவிட்டால் எந்தத் தூளும் பழுப்புக் கறை போடும். அதைப் பார்த்துவிட்டுப் பலர் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

சுண்ணாம்புச் சோதனையும் சரியானதே. கண்ணாடி மேல் ஈரச் சுண்ணாம்பை மெலிதாகப் பூசித் தூவுங்கள். சிவப்போ ஆரஞ்சோ உடனே பரவினால் சாயம். நல்ல தூள் கொஞ்ச நேரம் கழித்து லேசான பச்சை மஞ்சள் காட்டும். வெற்றிலைக் கடை ரோஸ் சுண்ணாம்பு வேண்டாம், அதிலேயே நிறம் இருக்கிறது.

பாய்லர் பக்கம்
5 ஆகஸ்ட், இரவு 9:10

ரோஸ் சுண்ணாம்புல டெஸ்ட் பண்ணி ஊரு பூரா கடைய மூடிட்டு வந்துருப்பானுங்க.

குன்னூர் சரக்கு
6 ஆகஸ்ட், காலை 7:02

சக்கைக்கும் ஒரு சோதனை உண்டு, நகைத் தராசு இருந்தால் போதும். தேயிலைக்குச் சட்டம் கேட்பது: வெந்நீரில் இறங்கும் சத்து குறைந்தது 32 சதவீதம். 10 கிராம் தூளை அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அதே சக்கையை மறுபடி புதுத் தண்ணீரில், மூன்று முறை. பிறகு சக்கையைக் காயவைத்து நிறுத்தால் நல்ல தூளில் 6.8 கிராமுக்கு மேல் மிஞ்சக்கூடாது. ஏற்கெனவே சத்து இறங்கிப்போன சக்கை கலந்திருந்தால் எட்டு, எட்டரை என்று நிற்கும்.

லேப் மேசை
6 ஆகஸ்ட், காலை 7:40

ஈரத்தைக் கழிக்காவிட்டால் இந்தக் கணக்கு ஏமாற்றும். தூளில் 5 சதவீதம் ஈரம் இருந்தாலே அது "இறங்கிய சத்து" என்று கணக்கில் ஏறும், கெட்ட தூளும் பாஸ் ஆகிவிடும். முதலில் தூளை அடிகனமான வாணலியில் மிதச்சூட்டில், கருகாமல், எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து அதிலிருந்து 10 கிராம் எடுங்கள். சக்கையையும் அதே மாதிரி. வடிகட்டும் துணியை முன்னும் பின்னும் காயவைத்து நிறுங்கள். டஸ்ட்டில் மெல்லிய துகள் துணியில் நிறைய தங்கும். 7 கிராமுக்குக் கீழ் வந்தால் விட்டுவிடலாம். 8-ஐத் தாண்டினால் மட்டும் பேசுவோம்.

காசிமேடு ஓரம்
6 ஆகஸ்ட், மதியம் 1:15

மீனில் ஃபார்மலின் இருக்கா என்று பார்க்க கொச்சி மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம் தாள் கிட் போட்டிருக்கிறது. மீன்மேல் தேய்த்து மருந்து விட்டால் நிறம் மாறும். மீனுக்கு முடிகிறது, தூளுக்கு ஏன் இல்லை?

லேப் மேசை
6 ஆகஸ்ட், மதியம் 2:20

ஃபார்மலின் ஒரே ஒரு ரசாயனம், யாராவது வேண்டுமென்றே போட்டால் நிறைய இருக்கும். பூச்சிமருந்து நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றும் இம்மியளவு. காய்கறிக்கு நொதி அட்டை என்று ஒன்று விற்கிறார்கள். அது கோலினெஸ்டரேஸ் நொதியை மருந்து முடக்குகிறதா என்று பார்ப்பது. ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் இரண்டு கூட்டத்தை மட்டும்தான் காணும், அதுவும் அளவு கூடுதலாக இருந்தால். இமிடாகுளோபிரிட், பைரித்ராய்டு எதுவும் அதன் கண்ணில் படாது. தேயிலையில் இன்னும் மோசம்: அதன் பாலிஃபீனாலே நொதி வேலையைக் கெடுத்துவிடுவதால் சுத்தமான தூளும் "மருந்து" காட்டும். யாராவது டீக்கு அந்த அட்டையை விற்றால் வாங்காதீர்கள்.

தங்கசாலை சட்டம்
6 ஆகஸ்ட், இரவு 9:55

ரிப்போர்ட் எடுப்பது பற்றி. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 40 படி, வாங்குபவர் எவரும் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: வாங்கும்போதே "இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, வாங்கி ஒரு வாரம் கழித்துப் போய் நிற்கிறார்கள். 14 நாளில் அறிக்கை தர வேண்டும். சட்டத்துக்கு ஒவ்வாத சரக்கு என்று வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். சென்னையில் அரசு ஆய்வகம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில்.

கடைமேல் நடவடிக்கை வேண்டுமென்றால் தனியார் லேப் ரிப்போர்ட் போதாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பிரிவு 47 படி நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை நான்காகப் பிரித்து சீல் வைத்து எடுக்க வேண்டும். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம் (மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்), நான்காவது கடைக்காரர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற லேபுக்கு. கடைக்காரருக்கு அறிக்கையை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வழி உண்டு. தனியார் ரிப்போர்ட்டைப் புகாரோடு இணைக்கலாம். அலுவலரை மாதிரி எடுக்க வைக்க அது உதவும்.

பாக்கெட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க எண் பாருங்கள். 1-ல் தொடங்கினால் லைசென்ஸ், 2-ல் தொடங்கினால் சிறு வியாபாரப் பதிவு.

கொருக்குப்பேட்டை வாசி
6 ஆகஸ்ட், இரவு 10:20

உத்தரவு போட்டு வரம்பையே பத்து மடங்கு ஏற்றிவிட்டார்கள் என்று போன வருடம் செய்தி வந்ததே? அப்புறம் எந்த ரிப்போர்ட்டைக் காட்டி என்ன பயன்?

தங்கசாலை சட்டம்
6 ஆகஸ்ட், இரவு 10:34

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 2024 ஏப்ரல் உத்தரவைச் சொல்கிறீர்கள். 0.01 என்பதை 0.1 ஆக்கியது நறுமணப் பொருள்களுக்கும் சமையல் மூலிகைகளுக்கும்தான், அதுவும் இங்கே பதிவு இல்லாத மருந்துக்கு. தேயிலை அதில் வராது. தேயிலையில் குயினால்பாஸ், ஹெக்சகோனசோல், ப்ரோபிகோனசோல், எமாமெக்டின், ஃபென்பைராக்சிமேட் ஐந்துக்கும் வரம்பு குறித்தது வேறு விஷயம். இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் அந்த ஃபார்வர்டு.

எம்.சி. ரோடு காய்
7 ஆகஸ்ட், காலை 5:30

டீயைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள், சாம்பாரை யார் பார்ப்பது? இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலைக்கும் வெண்டைக்கும் ஐரோப்பியத் துறைமுகத்தில் கூடுதல் சோதனை வைத்திருக்கிறார்கள். ஒரு டீக்கு 2.5 கிராம் தூள். ஒரு கைப்பிடி கறிவேப்பிலைச் சட்னியில் எத்தனை கிராம்?

கறிவேப்பிலையை உருவி, இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேலே படிந்தது கொஞ்சம் போகும். கொத்தோடு முக்கி எடுப்பது கண்துடைப்பு. ஆப்பிள் மாதிரித் தோல் வழவழப்பான பழத்துக்கு சமையல் சோடா கரைசல், லிட்டருக்கு 10 கிராம், 12 முதல் 15 நிமிடம் ஊறல். அமெரிக்காவில் 2017-ல் ஆப்பிளில் செய்த ஆய்வு இதே அளவு, இதே நேரம். மேற்பரப்பில் இருந்தது போனது, தோலுக்குள் ஊறியது போகவில்லை. காலிஃப்ளவரைப் பூவாகப் பிரித்தபிறகுதான் ஊறவைக்க வேண்டும். முழுசாக உப்புத்தண்ணீரில் போட்டால் புழு மட்டும் வெளியே வரும்.

பாய்லர் பக்கம்
7 ஆகஸ்ட், காலை 5:52

புழு உயிரோட வந்தா மருந்து இல்லன்னு அர்த்தம். சந்தோசமா சாப்டுங்க.

பார்சல் டீய பத்தி யாரும் பேசல. சூடா பிளாஸ்டிக் கவர்ல ஊத்தி நூல் கட்டிக் குடுக்கறது 2019 ஜனவரி 1-லருந்து தமிழ்நாட்டுல தடை. பூச்சு போட்ட பேப்பர் கப்பும் அந்த லிஸ்ட்லயே இருக்கு. தூக்கு எடுத்தாந்தா ஊத்தித் தரோம்.

லேப் மேசை
7 ஆகஸ்ட், இரவு 8:30

பாய்லர்க்காரரே, பேப்பர் கப் பற்றி ஐ.ஐ.டி. கரக்பூர் 2020-ல் பார்த்தது: 100 மில்லி வெந்நீர் 15 நிமிடம் நின்றால் 25,000 வாக்கில் நுண்பிளாஸ்டிக் துகள். கண்ணாடி கிளாஸைக் கொதிநீரில் அலசிக் கொடுப்பதே மேல்.

கடை அலமாரியையும் கவனியுங்கள். சர்க்கரை டின்னைச் சுற்றி எறும்புச் சாக்பீஸ் கோடு, பக்கத்தில் மூடியில்லாத தூள் டின். அந்தச் சாக்பீஸே சைபர்மெத்ரினோ டெல்டாமெத்ரினோதான். கோடு காய்ந்து உதிர்ந்தால், துடைத்த துணியை தூள் டின் மேல் உதறினால், மலையிலிருந்து வராத மருந்து இங்கே ஏறும். கொசுவர்த்தி, அந்துருண்டை, குடோனில் அடிக்கும் ஸ்ப்ரே எல்லாம் அதே. காய்ந்த தேயிலை மணத்தை இழுக்கும் பொருள், வேறு வாசனை எதுவானாலும் ஏற்றிக்கொள்ளும். எறும்புக்குத் தண்ணீர்த் தட்டில் டின்னை வையுங்கள், வேலை முடிந்தது.

குன்னூர் சரக்கு
8 ஆகஸ்ட், காலை 7:20

லேபுக்கு அனுப்புவோருக்கு ஒன்று கேட்கிறேன்: தனியார் லேபில் "பூச்சிமருந்து டெஸ்ட்" என்று கேட்டால் ஒருவர் 20 பெயர் பார்க்கிறார், ஒருவர் 200-க்கு மேல். மொத்த வியாபாரி காட்டும் ரிப்போர்ட்டில் எல்லாம் "என்.டி." (நாட் டிடெக்டட், தென்படவில்லை) என்று வந்தால் நம்பலாமா?

லேப் மேசை
8 ஆகஸ்ட், இரவு 10:15

"என்.டி." பக்கத்தில் எண் இல்லாவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. 0.5 வரைதான் பார்க்க முடிகிற லேபும் "இல்லை" என்றுதான் எழுதும். அளவிடும் எல்லை 0.01 என்று அச்சில் இருக்க வேண்டும். என்.ஏ.பி.எல். (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரத்தின் வரம்புப் பட்டியலில் "தேயிலை" என்ற பொருளும், நீங்கள் கேட்கும் மருந்தும் இருக்கின்றனவா பாருங்கள். தண்ணீருக்கும் அரிசிக்கும் மட்டும் அங்கீகாரம் வாங்கிய லேபும் அதே முத்திரையைப் போடும்.

தேயிலை ஏன் தனி: சத்தை அசிட்டோநைட்ரைலில் இழுக்கும்போது காஃபீன், பச்சையம், பாலிஃபீனால் எல்லாம் சேர்ந்து வந்து மெஷினைக் குழப்பும். காய்கறியில் 10 கிராம் எடுக்கிற முறையில் தேயிலைக்கு 2 கிராம்தான் எடுப்போம். 10 மில்லி தண்ணீர் விட்டு அரை மணி ஊறவைத்து, பிறகு 10 மில்லி அசிட்டோநைட்ரைல், 4 கிராம் மெக்னீசியம் சல்பேட், 1 கிராம் உப்பு. ஊறவைக்காமல் நேரே கரைப்பானை ஊற்றினால் காய்ந்த துகளுக்குள் இருப்பது வெளியே வராது. ரிப்போர்ட் சுத்தமாக வரும். பச்சையத்தைப் பிடிக்கக் கரித்தூள் போடுவோம். அதைக் கூடுதலாகப் போட்டால் தயாபெண்டசோல் மாதிரித் தட்டையான மூலக்கூறுகளையும் விழுங்கிவிடும், அதிலும் சுத்தமான ரிப்போர்ட். ஒப்பீட்டுக் கரைசலை மருந்தில்லாத தேயிலைச் சாற்றில் தயாரித்தார்களா, தெரிந்த அளவு மருந்தைப் போட்டு 70 முதல் 120 சதவீதம் திரும்ப எடுத்துக் காட்டினார்களா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். வேலை தெரிந்த லேப் உடனே தாளை எடுத்துக் காட்டும்.

200 பெயர் பட்டியலில் கிளைஃபோசேட் இருக்காது. அது இந்தச் சாற்றில் வராது, தனி முறை, தனிக் காசு. மாங்கோசெப் வகையும் அப்படியே. அதைக் கார்பன் டைசல்ஃபைடாக மாற்றித்தான் அளப்பார்கள். களைக்கொல்லி பற்றிக் கவலை என்றால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

எம்.சி. ரோடு காய்
9 ஆகஸ்ட், காலை 5:45

0.01 வரம்புள்ள மருந்து 0.014 என்று வந்தால் ஃபெயில்தானே?

லேப் மேசை
9 ஆகஸ்ட், காலை 8:10

எண்ணாகப் பார்த்தால் தாண்டியது. ஆனால் இந்த வகை அளவில் 50 சதவீத ஐயம் வைப்பது வழக்கம்: 0.014 என்றால் 0.007 முதல் 0.021 வரை எங்கும் இருக்கலாம். கீழ் முனை வரம்புக்குள் இருப்பதால் தாண்டியது என்று உறுதியாக எழுத முடியாது. 0.021 வந்தால் கீழ் முனையே 0.0105, அப்போது எழுதலாம். வியாபாரியோடு பேச 0.014 போதும், வழக்குக்குப் போதாது.

தங்கசாலை சட்டம்
9 ஆகஸ்ட், மதியம் 12:30

எல்லை பற்றி ஒரு குறிப்பு. 2018-ல் சென்னை மாவட்டம் விரிந்தபிறகு திருவொற்றியூர், மாதவரம் பக்கமெல்லாம் சென்னை நியமன அலுவலரிடம். மீஞ்சூர் என்றால் திருவள்ளூர். தப்பான மாவட்டத்துக்குப் போட்ட புகார் கைமாறி வருவதற்குள் அந்தச் சாக்கு விற்றுத் தீர்ந்திருக்கும்.

கொருக்குப்பேட்டை வாசி
9 ஆகஸ்ட், இரவு 9:00

நாலு மெஸ்காரர்கள் சேர்ந்து ஒரே சாக்கு வாங்குகிறோம், லேப் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளத் தயார். எவ்வளவு, எப்படி எடுத்து அனுப்ப வேண்டும்?

லேப் மேசை
9 ஆகஸ்ட், இரவு 9:50

சாக்கின் மேல், நடு, அடி மூன்றிலும் காய்ந்த நீளக் கரண்டியால் எடுத்து மொத்தம் ஒரு கிலோ சேருங்கள். மேலே மட்டும் எடுத்தால் மெல்லிய தூள் அடியில் போய்விட்டிருக்கும், ஒரே சரக்காக வராது. சுத்தமான எவர்சில்வர் தட்டில் கொட்டிக் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைச் சேர்த்தால் இரண்டு அரைக் கிலோ. நியூஸ்பேப்பரும் வேண்டாம், மளிகைக் கவரும் வேண்டாம். ஃபாயில் உள்பூச்சுள்ள புதுப் பை. கையில் கொசுமருந்து களிம்பு தடவியிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். இரண்டு பையிலும் கடை பில் எண், தேதி, சாக்கில் லாட் எண் இருந்தால் அதையும் எழுதி சீல் வையுங்கள்.

ஒன்றை அனுப்புங்கள். இன்னொன்றை ரிப்போர்ட் வரும்வரை வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். எண்ணில் சந்தேகம் வந்து மறுசோதனை கேட்டால் அப்போது அது வேண்டும். சாக்கு அதற்குள் காலியாகியிருக்கும்.